ஜெயித்தால் எஞ்சினைக் கொடுத்துவிட வேண்டும்

நான் முதல்முதலாக ஜெயித்த அன்று மாலையே, என் வண்டியின் எஞ்சினை நானே கழற்றி இன்னொருவரிடம் கொடுத்தேன். விதி அப்படி. அந்த விதியைக் கொண்டுவந்தவளும் நான்தான். இதைச் சொன்னால் எல்லாரும் முதலில் சிரிக்கிறார்கள். கதையை முழுக்கக் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களிலும் பாதிப்பேர் அதை வாங்கிக்கொண்ட டாக்டர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசனில். நான் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கணவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மென்பொருள் வேலைக்காக ரயிலேறி மன்ஹாட்டன் போய் வருகிறார். ஒரே மகள், அப்போது மிடில் ஸ்கூல். என்னோடு மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் அமெரிக்கப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தம்பி ஸ்பிரிண்ட் கார் ஓட்டுகிறவன். "ஒரு சனிக்கிழமை வந்து பாரேன்" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒருநாள் போனோம்.

தெற்கு ஜெர்சியில், பைன் மரக்காடுகளைத் தாண்டி, சோள வயல்களுக்கு நடுவே நீள்வட்டமாக ஒரு மண் பாதை. களிமண்ணை நனைத்து, இறுக்கி, மெழுகியது போல வைத்திருந்தார்கள். வண்டிகளுக்குக் கூரை கிடையாது. இரும்புக் குழாய்க் கூண்டுக்குள் ஆள் உட்கார்ந்திருக்க, தலைக்கு மேலே தகரப் பலகை மாதிரி ஓர் இறக்கை. திருப்பத்தில் வண்டி நேராகப் போகாது, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும். வழுக்குவதுதான் அங்கே ஓட்டும் முறை. பெரிய வண்டிகளும் உண்டு. நான் பார்த்தது கடைசி வகுப்பு, மோட்டார் சைக்கிள் எஞ்சின் பொருத்திய சின்ன வண்டிகள்.

கணவர் காதைப் பொத்திக்கொண்டார். மகள் ஃப்ரைஸ் தின்றாள். நான் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றேன். முகமெல்லாம் சேறு. வீட்டுக்குத் திரும்ப டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறியதும் சொன்னேன்: "நான் ஓட்டப் போறேன்."

"எதை?"

"அதைத்தான்."

"பைத்தியமா உனக்கு? அடிபட்டா நம்ம இன்ஷூரன்ஸ் கவர் பண்ணுமான்னு யோசிச்சியா?"

அவர் வேலையே அதுதான், அப்படித்தான் கேட்பார். அந்த வாரம் முழுக்கப் பாலிசியைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, தனியாக இன்னொரு பாலிசியும் எடுத்துக்கொண்டுதான் சம்மதித்தார். அதற்குப் பிறகு டயர் மாற்றுவது அவர் வேலை ஆயிற்று. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத மனிதர், கையுறை போட்டுக்கொண்டு, ஆபரேஷன் செய்வது போல மெதுவாகச் செய்வார்.

ஏன் பிடித்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் என் வேலை தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வது. தப்பு நடக்காத நாளில் யாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்து வருஷத்துக்கு மேல் யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்தவள் நான். அந்த மண் பாதையில், வண்டி வழுக்கும்போது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதா அழுத்துவதா என்று நான் ஒருத்திதான் முடிவு செய்யவேண்டும். அவ்வளவுதான் காரணம். இதை எங்கள் சர்ச் ஹாலில் சந்திக்கும் தமிழ் ஆன்ட்டிகளிடம் சொல்ல முடியாது. அவர்கள் கேட்டது வேறு. "உங்க ஹஸ்பண்ட் ஒண்ணும் சொல்லலையா?" என்பதே முதல் கேள்வி. இரண்டாவது, "பொண்ணைப் பத்தி யோசிச்சுப் பாத்தீங்களா?"

பந்தயத்தை விட்டு விலகும் ஒருவரிடமிருந்து பழைய வண்டிக்கூடு வாங்கினோம். எஞ்சின், விபத்தில் நொறுங்கிய மோட்டார் சைக்கிளிலிருந்து. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் யார்டில் போய், நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தது. குளிர்காலம் முழுக்க எங்கள் டவுன்ஹவுஸ் கராஜில் அதைப் பிரித்துக் கழுவிப் பூட்டினேன். ஆய்வுக்கூடத்தில் கருவிகளைக் கழுவும் பழக்கம் எனக்கு உதவியது. முதல் தடவை ஸ்டார்ட் ஆனபோது மகள் மாடியிலிருந்து ஓடிவந்து, "அம்மா, தட்ஸ் ஸோ லவுட்! டூ இட் அகெய்ன்!" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் குடியிருப்பு அசோசியேஷனில் புகார் கொடுத்தார்.

எங்களைப் போன்ற சாதாரணச் சம்பளக்காரர்கள் அங்கே ஓட்ட முடிந்ததற்குக் காரணம் அந்தப் பாதையை நடத்தும் கிளப்பின் தலைவர். எழுபதைத் தாண்டிய அமெரிக்கர். தண்ணீர் லாரியைத் தானே ஓட்டிப் பாதையை நனைப்பார். அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு. "கடைசியில் வருகிறவன் அடுத்த வாரமும் வர முடியவேண்டும். அவன் வராமல் போனால் அடுத்தது கடைசிக்கு முந்தினவன். இப்படியே ஒருநாள் ஜெயிக்கிறவன் மட்டும் தனியாக நிற்பான்" என்பார்.

அதனால் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. எல்லாருக்கும் ஒரே வகை டயர், பல வாரம் தாங்கும் கெட்டி ரப்பர். எஞ்சினில் உள்வேலை எதுவும் செய்யக்கூடாது. தனியாகப் பயிற்சி நாள் கிடையாது. பந்தயம் சீக்கிரம் முடிந்துவிடும், மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் நேரத்தோடு வீடு போய்ச் சேரலாம். ஓட்டியவர்களில் ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஒருவர் பிளம்பர். ஒரு பெண் பேக்கரி வைத்திருந்தாள், விடியற்காலை அடுப்பு பற்ற வைக்கவேண்டியவள். ஹீட் ரேஸ் எனப்படும் தகுதிச் சுற்றில் என் அச்சு வளைந்துபோனால், அடுத்த ரேஸில் என்னோடு மோதப்போகிற பிளம்பரே தன்னிடமிருந்த உபரி அச்சைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுப்பார். வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த ஆளே என்னை வெளிச்சுவரோடு சேர்த்து நெருக்குவார். அது வேறு, இது வேறு.

இரண்டாவது குளிர்காலத்தில் ஒரு வதந்தி வந்தது. யாரோ வெளியூர்க்காரர் பெரிய பட்டறையில் எஞ்சின் செய்யக் கொடுத்திருக்கிறார், உள்ளே என்ன செய்தாலும் வெளியே தெரியாது என்று. ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் ஹாலில் ஒரு ஞாயிறு மத்தியானம் கூட்டம் போட்டார்கள். எல்லா எஞ்சினையும் பிரித்துச் சோதிக்க ஆள் இல்லை, நேரம் இல்லை. நான் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். வேறு சில ஊர்களில் முன்பு இருந்த பழக்கம்தான். ஜெயித்தவரின் எஞ்சினை, அதே ரேஸில் ஓடிய யார் வேண்டுமானாலும், கிளப் நிர்ணயித்த ஒரே விலைக்குக் கேட்கலாம். ஜெயித்தவர் கொடுத்தே ஆகவேண்டும். மறுத்தால் வெற்றி செல்லாது. நாளைக்கு எவனோ சாதாரண விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று தெரிந்தால், எஞ்சினுக்குள் யார் பணத்தைக் கொட்டுவார்கள்?

பிளம்பர்தான் முதலில் கேட்டார்: "ஒரே ஆள் எத்தனை தடவை கேட்கலாம்? அதற்கு ஒரு வரம்பு வேண்டாமா?"

"எவனுக்கு இரண்டு எஞ்சின் வேண்டும்? ஒன்றைக் கட்டி மாரடிக்கவே முடியவில்லை" என்றார் பேருந்து ஓட்டுநர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வரம்பு வைக்கவில்லை. தலைவர் கையைத் தூக்கச் சொன்னார், எல்லாக் கையும் எழுந்தது.

அந்தக் கோடை மாதிரி ஒரு கோடை எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வதந்தியில் அடிபட்ட வெளியூர்க்காரர் வரவேயில்லை. புதிதாகப் பலர் வந்தார்கள். ஹீட் ரேஸ்களைக் கூடுதலாகப் பிரிக்கவேண்டிய அளவுக்கு வண்டிகள் சேர்ந்தன. யாரும் யார் எஞ்சினையும் கேட்கவில்லை, கேட்கத் தேவையே வரவில்லை. விதி சும்மா இருந்தே வேலை செய்தது. நான் பெரும்பாலும் நடுவில் வருவேன். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவேன். பேக்கரிப் பெண் அதைக் கரண்டி போட்டுத் தின்றுவிட்டு, பதிலுக்கு ஒரு பெட்டி ரொட்டி கொடுப்பாள்.

அடுத்த வசந்தத்தில்தான் டாக்டர் வந்தார்.

மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை முடிந்ததும் சர்ச் ஹாலில் காபி உண்டு. அங்கே பழக்கம். வெஸ்ட் வின்ட்சரில் வீடு, இதய மருத்துவர், நல்ல பெயர். என் கணவருக்கு ஒருமுறை நெஞ்சு வலித்துப் பயந்துபோனபோது, எங்களோடு எமர்ஜென்சிக்கே வந்து உட்கார்ந்திருந்தவர். அதனால் அவர் மேல் எங்களுக்கு மரியாதை மட்டுமில்லை, நன்றியும் இருந்தது. இன்றும் அதை மறைக்க மாட்டேன்.

"நீங்களா ரேஸ் ஓட்டுறீங்க? சீரியஸாவா?" என்றார் அன்று, காபிக் கோப்பையோடு.

"ஆமா டாக்டர். ஒருநாள் வந்து பாருங்க."

வந்தார். வெள்ளை ஷூவோடு வந்து, சேற்றில் நின்று, சின்னப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டார். அடுத்த மாதமே வண்டி வாங்கிவிட்டார். சீட்டை அவர் உடம்புக்குத் தகுந்தாற்போல் அமைத்துக் கொடுத்தது என் கணவர். எங்கள் உபரி ஹெல்மெட்டைத்தான் முதல் இரண்டு வாரம் போட்டுக்கொண்டார். கழற்றும்போதெல்லாம் "வாவ், என்னா கிக்கு!" என்பார். நம் ஆள் ஒருவர் கூட இருக்கிறார் என்று எனக்கும் பெருமை.

ஆனால் அவர் தோற்றார். வாராவாரம் தோற்றார். திருப்பத்துக்கு ரொம்ப முன்னாலேயே காலை எடுப்பார், நேர்ப்பாதையில் அவசரப்படுவார். எல்லாரும் முதல் வருஷம் அப்படித்தான் ஓட்டுவோம். அவரால் அதை ஏற்க முடியவில்லை. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் கடைசி வரிசையில் வந்திராத மனிதர். "என் டிரைவிங்ல பிரச்சனை இல்ல, எஞ்சின்ல பவர் இல்ல" என்று சொல்ல ஆரம்பித்தார். சம்பளத்துக்கு ஒரு மெக்கானிக் வைத்துக்கொண்டார். வீடு மாதிரி ஒரு மூடிய டிரெய்லர் வந்தது.

ஒரு சனிக்கிழமை பேருந்து ஓட்டுநர் ஜெயித்தார். டாக்டர் நேராகத் தலைவரிடம் போய் எஞ்சினைக் கேட்டார். விதி வந்தபிறகு அதுதான் முதல் தடவை. எல்லாரும் கை தட்டினார்கள். பேருந்து ஓட்டுநரே சிரித்துக்கொண்டுதான் கழற்றிக் கொடுத்தார். "என் எஞ்சின் டாக்டர் வீட்டுக்குப் போகிறது, எனக்குத்தான் போகமுடியவில்லை" என்று ஜோக் அடித்தார்.

பணம் கைக்கு வந்துவிட்டது. எஞ்சின் வரவில்லை. யார்டில் தேடி, வாங்கி, கழுவி, பூட்டி, சரிபார்க்க அவருக்கு எங்கே நேரம்? காலை ஷிப்ட், மாலை ஷிப்ட், இடையில் பிள்ளைகள். கோடையில் பல வாரம் அவர் வேலிக்கு வெளியே பார்வையாளராக நின்றார்.

அடுத்து பேக்கரிப் பெண் ஜெயித்தாள். அவள் எஞ்சினும் போயிற்று. அடுத்து பிளம்பர். நான் டிரெய்லர் பக்கம் போய்ப் பேசினேன்.

"டாக்டர், இன்னும் எத்தனை எஞ்சின் வேணும் உங்களுக்கு?"

"கம்பேர் பண்றேம்மா. எதுல பவர் இருக்குன்னு டேட்டா வேணும்ல?"

"அவங்களுக்கு அடுத்த வாரம் ஓட்ட எஞ்சின் இல்ல."

"அதுக்குத்தான் பணம் குடுக்குறேனே? கிளப் வெச்ச ரேட், ஒரு பைசா குறைக்கல. நான் யாரையும் ஏமாத்தல." பிறகு தோளைத் தட்டுகிற மாதிரி, "நல்ல ரூல் இது. யார் கொண்டுவந்தாங்களோ, பிரில்லியண்ட்" என்றார். நான்தான் என்று அவருக்குத் தெரியும். ஹாலில் நடந்ததை அவருக்குக் கதையாகச் சொன்னதே நான்தான்.

ஜூலையில் அவர் மகளின் கிராஜுவேஷன் பார்ட்டி. தோட்டத்தில் பந்தல், தோசைக் கல், இருநூறு பேர் போல. கூல்டிரிங்க் எடுக்க கராஜ் வழியாகப் போனபோது அவர் மனைவி கூட வந்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெகுளி.

"பாருங்க, என் கார் மழையில நிக்குது. இவருக்கு கராஜ் பூரா இதுதான்" என்று ஒரு துணியை விலக்கிக் காட்டினார். டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் வரிசையாக எஞ்சின்கள். சேறுகூடத் துடைக்கப்படவில்லை. பேக்கரிப் பெண் தன் எஞ்சின் மூடிக்கு அடித்த ஊதா பெயிண்ட் எனக்குத் தெரியும். அதைக் கண்டேன்.

"எல்லாத்தையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்குறாராக்கா?"

"எங்க ஓட்டுறது? ஒண்ணை மட்டும்தான் மெக்கானிக் மாட்டினார். மத்ததெல்லாம் ஓட்டுறதுக்கு இல்லையாம். அவங்ககிட்ட இருக்கக்கூடாதாம், அதான் வாங்கினேன்னு சொன்னார்." அவர் சிரித்தார். "ஆம்பளைங்களுக்கு எந்த வயசுலயும் பொம்மை வேணும், இல்ல?"

கூல்டிரிங்க் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டர் மைக்கில் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கடின உழைப்பு, நேர்மை, இன்னும் ஏதேதோ. கணவரிடம் சொன்னேன். அவர் தோசையை அப்படியே வைத்துவிட்டு, "கிளம்பலாம்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நேரில் பார்க்காதவர்கள் நம்புவதில்லை.

ஆகஸ்ட் மாதத்து ஒரு பந்தயம். எஞ்சின் இழந்தவர்களில் சிலர் எப்படியோ வேறு எஞ்சின் தேடிப் பிடித்து வந்திருந்தார்கள். வெள்ளைக் கொடி காட்டினார்கள், கடைசிச் சுற்று. முன்னால் பேருந்து ஓட்டுநர், அவருக்குப் பின்னால் பிளம்பர், மூன்றாவது நான். டாக்டர் எனக்கு வெகு தூரம் பின்னால். கடைசித் திருப்பத்தில் பேருந்து ஓட்டுநரின் வண்டி வேகம் குறைந்தது. எஞ்சின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. கையை வெளியே நீட்டி, பிளம்பரை முன்னால் போகச் சொன்னார். பிளம்பரும் குறைத்தார். அவரும் கையைக் காட்டினார். ஜெயித்தால் எஞ்சின் போய்விடும். போனால் அந்த வருஷம் முடிந்தது. இரண்டு வண்டிகளும் முடிவுக் கோட்டுக்கு முன்னால் மாட்டு வண்டி மாதிரி ஊர்ந்தன. நானும் காலை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று யோசிக்கக்கூட நேரமில்லை, கால் தானாக எழுந்தது. எங்கள் மூன்று பேரையும் தாண்டி டாக்டர் பறந்துபோய்க் கொடியை வாங்கினார்.

கூட்டம் கூச்சலிட்டது. யாரோ ஒருவன் கோக் டப்பாவைப் பாதையில் எறிந்தான். டாக்டர் இறக்கை மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினார். விதிப்படி அவர் எஞ்சினை நாங்கள் கேட்டிருக்கலாம்; மாற்று எஞ்சின் வாங்கியவர்களிடம் காசு இல்லை, எனக்கு என் எஞ்சின் போதும். அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் ஜெயித்ததாகவே நம்பினார்.

மகள் வேலியோரம் நின்றிருந்தாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் கேட்டாள்: "டிட் யூ ஸ்லோ டவுன் ஆன் பர்ப்பஸ்?"

"எல்லாரும்தான் கண்ணு."

"தட்ஸ் ஸோ டம்ப், அம்மா." வீடு வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க ஆய்வுக்கூடத்தில் என் கை வேலை செய்தது, மனம் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை கணவரிடம் சொன்னேன்: "நாளைக்கு நான் குறைக்க மாட்டேன்."

"எஞ்சின் போயிடும்."

"போகட்டும்."

அவர் கையுறையைத் தேடி எடுத்தார். "சரி. அப்ப பின் டயரை மாத்திடுறேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஓட்டியது மாதிரி நான் எப்போதும் ஓட்டியதில்லை. மண் நன்றாக ஈரமாக இருந்தது. வெளிச்சுவரோரம் இன்னும் யாரும் மிதிக்காத ஈர விளிம்பு ஒன்று இருந்தது. மற்றவர்கள் உள்ளே ஓட, நான் அந்த விளிம்பிலேயே வண்டியைப் பிடித்து வைத்தேன். வலது பின்சக்கரம் சுவரை உரசும் சத்தம் ஒவ்வொரு சுற்றிலும் கேட்டது. பாதி ரேஸிலேயே முன்னுக்கு வந்துவிட்டேன். கடைசிச் சுற்றில் பிளம்பர் பக்கத்தில் வந்தார். இந்தத் தடவை அவர் கை காட்டவில்லை. அவரும் முழுசாக அழுத்திக்கொண்டுதான் வந்தார். ஜெயித்தேன், நியாயமாக.

அந்தி வெளிச்சம் இன்னும் இருந்தது. பேக்கரிப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிளம்பர் இறக்கையில் ஓங்கித் தட்டினார். மகள் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தாள். கணவர் கையுறையைக் கழற்றாமலே அழுதுகொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம் எத்தனை நேரம் இருந்தது? கொடியோடு ஒரு படம் எடுக்கிற நேரம்.

தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்னால் டாக்டர். அவர் அந்த ரேஸில் ஏழாவதோ எட்டாவதோ.

"கங்கிராட்ஸ்! சூப்பரா ஓட்டினீங்க" என்று கை கொடுத்தார். பிறகு, "எஞ்சினை கிளைம் பண்றேன்" என்றார்.

கணவர் முன்னால் வந்தார். "டாக்டர், இது அவ கையால கட்டினது. உங்களுக்கே தெரியும்."

"பர்சனலா எடுத்துக்காதீங்க. எல்லார்கிட்டயும் கேட்டேன், உங்ககிட்ட மட்டும் கேக்கலன்னா அது ஃபேவரிட்டிஸம் ஆயிடும்ல? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்னைப் பார்த்தார். "நீங்க வெச்ச ரூல்தானே?"

கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வெற்றி ரத்தாகும், அவ்வளவுதான். பலர் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் ஜெயித்ததை நானே இல்லை என்று சொல்லவேண்டும். போன வாரம் கோட்டுக்கு முன்னால் காலை எடுத்ததும் அதுதானே? இரண்டாவது தடவை அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

அவருடைய மெக்கானிக் பெட்டியோடு வந்தார். "வேண்டாம், நானே கழற்றுகிறேன்" என்றேன். செயினை எடுத்தேன், குழாய்களைப் பிரித்தேன், போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இளக்கினேன். எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது, கையுறை மீறிச் சுட்டது. பேக்கரிப் பெண்ணும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி அவர்கள் தள்ளுவண்டியில் வைத்தோம். டாக்டர் பணம் வைத்த உறையை நீட்டினார். "தேங்க்ஸ்" என்றார். நான் உறையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனேன். குழாயடியில்தான் அழுகை வந்தது. அதுவும் அழுகை இல்லை, ஆத்திரம்.

குளிர்காலக் கூட்டத்தில் நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். ஒருவர் ஒரு சீசனில் ஒரு தடவைதான் எஞ்சின் கேட்கலாம். கேட்டதைத் தன் வண்டியில் மாட்டி ஓட்டியாகவேண்டும். அவ்வளவுதான். இதை எதிர்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

டாக்டர் எழுந்து மரியாதையாகப் பேசினார். இந்த விதியால்தான் இத்தனை மனக்கசப்பு, விதியையே எடுத்துவிடலாம், யார் என்ன எஞ்சின் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்றார். அதற்குள் தண்ணீர் லாரியின் எஞ்சின் பழுதாகி, அதைச் சரிசெய்ய அவருடைய கிளினிக்தான் உதவியிருந்தது. பார்வையாளர் பகுதிக்குப் புது விளக்குகளும் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். போன வருஷம் எஞ்சின் இழந்தவர்களில் பாதிப்பேர் கூட்டத்துக்கே வரவில்லை. அவர்கள் வண்டியை விற்றுவிட்டார்கள். கடைசியில் வருகிறவன் இல்லாத ஹாலில் ஓட்டெடுப்பு நடந்தது.

தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு லாரி வேண்டும். லாரி இல்லாவிட்டால் எந்த வகுப்பும் இல்லை" என்றார் வெளியே வந்தபோது. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை.

விதி போனது. பெரிய பட்டறை எஞ்சின்கள் வந்தன, இரண்டு மூன்று பேரிடம். பேருந்து ஓட்டுநர் வரவில்லை. பேக்கரிப் பெண் வண்டிக்கூட்டை பென்சில்வேனியாக்காரருக்கு விற்றுவிட்டு, டெலிவரிக்கு ஒரு பழைய வேன் வாங்கினாள். நான் அந்த உறையை வைத்து வேறு எஞ்சின் வாங்கி, சில வாரம் ஓட்டிப் பார்த்தேன். நேர்ப்பாதையில் அவர்கள் என்னைக் கடக்கும்போது நான் நிற்பது போல இருக்கும். ஒரு வசந்தத்தில் தலைவரே போன் செய்தார். போதுமான வண்டி சேரவில்லை, அந்த வகுப்பை நிறுத்துகிறோம் என்றார். "நீ டிக்கெட் கவுன்டரில் வந்து உதவுகிறாயா? உன்னைப் பார்த்தால் ஜனங்களுக்குப் பிடிக்கும்" என்றார். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

என் யோசனையே தப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. விதி எளியவர்களுக்காகப் போட்டது. ஜெயித்தால் எஞ்சினைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் ஒரு குறையும் இல்லை, வாங்குகிறவன் அதை ஓட்டுவதற்கு வாங்கினால். பூட்டி வைப்பதற்கென்றே ஒருவன் வாங்குவான் என்று அந்த ஹாலில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. எங்களில் யாரிடமும் பூட்டி வைக்கிற அளவுக்கு எதுவும் இருந்ததில்லை.

இந்த ஜனவரியில் எடிசனில் ஒரு பள்ளி ஆடிட்டோரியத்தில் பொங்கல் விழா. பரதநாட்டியம், பட்டிமன்றம், நடுவில் சாதனையாளர்களுக்குப் பொன்னாடை. டாக்டரை மேடைக்கு அழைத்தார்கள். இந்த மண்ணில் ஸ்பிரிண்ட் கார் பந்தயத்தில் வெற்றி பெற்ற முதல் தமிழர் என்று அறிவித்தார்கள். திரையில் படம் போட்டார்கள். இறக்கை மேல் இரண்டு கையையும் தூக்கி நிற்கும் படம்.

அவர் மைக்கைப் பிடித்தார். "இந்த ஸ்போர்ட்டை எனக்கு இன்ட்ரொட்யூஸ் பண்ணவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க. எனக்கு அவங்கதான் இன்ஸ்பிரேஷன். ஒரு லேடியே ஓட்டும்போது நாம ஏன் ஓட்டக்கூடாதுன்னுதான் வந்தேன்" என்றார். அரங்கம் முழுக்க என் பக்கம் திரும்பிக் கை தட்டியது. எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். வேறு என்ன செய்வது?

மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, யூ ஷுட் டெல் தெம்" என்றாள் காதோரம். பெரியவளாகிவிட்டாள், அவளுக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

சாப்பாட்டு வரிசையில் டாக்டர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது.

"அடுத்த சீசன் பெரிய கிளாஸ் போறேன். வேற டிராக்ல இந்தச் சின்ன வண்டிலாம் ஓட்டிப் போரடிச்சுப் போச்சு. நீங்களும் வாங்களேன், ஏன் விட்டுட்டீங்க? டேலன்ட்டை வேஸ்ட் பண்ணாதீங்க" என்றார். கிண்டல் இல்லை. அவர் மனசார அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வரிசை நகருது டாக்டர்" என்றேன்.

நகர்ந்தோம். சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள், வடை வைத்தார்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு, கணவரும் மகளும் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனேன். அவர்கள் பக்கத்தில் இன்னும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. டாக்டர் அதை நோக்கி வருவது தெரிந்தது. என் கைப்பையை எடுத்து அதன் மேல் வைத்தேன்.